புளியந்திட்டில் தைத்த பனங்காடைச் சட்டை

அந்த வருஷம் எங்கள் ஊர்க் கண்மாய் கோடையிலும் வற்றவில்லை. மற்ற வருஷங்களில் மாசி பிறந்ததும் தரை தெரிந்துவிடும். கண்மாயின் நடுவே இருக்கும் திட்டுக்கு மாட்டுவண்டியே போய்வரும். அந்தத் தடவை பங்குனியிலும் திட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றது. திட்டு நிறையப் புளியமரங்கள். அவற்றை உலுக்கும் குத்தகையை அய்யா எடுத்திருந்தார். தினமும் போய்வந்தால் வேலை ஓடாது என்று, பனந்தடிகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் சட்டிபானைகளை ஏற்றிக்கொண்டு அய்யா, ஆத்தா, மதினி, நான் எல்லோரும் அங்கேயே கொட்டகை போட்டுக் குடிபோனோம். அண்ணன் மட்டும் கரையில் இருந்துகொண்டு, நாங்கள் அனுப்பும் புளியை வண்டியேற்றிக் கறம்பக்குடிச் சந்தைக்குக் கொண்டுபோனான்.

எனக்கு அப்போது பதினாறு வயது. மதினி அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரங்கூனில். யுத்தம் வந்து, அங்கே குண்டு விழப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், அவளுடைய பெற்றோர் கிடைத்த கப்பலில் ஏறி அன்னவாசல் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்துவிட்டார்கள். ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த நேரத்தில், மதினி கையால் சுற்றும் தையல் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். திட்டுக்குப் போகும்போதும் அதை அவள் விடவில்லை. நடுத்தண்ணீரில் தெப்பம் ஆடியபோது ஆத்தா உப்புப் பானையைப் பிடித்தாள், மதினி மிஷினைப் பிடித்தாள்.

திட்டில் கால் வைத்ததும் மதினி நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"கப்பல்ல வரையில தூரத்துல தீவு தீவாத் தெரிஞ்சிச்சு. எறங்கிப் பாக்க முடியலையேன்னு இருந்துச்சு. இப்ப ஒரு தீவுலயே குடியிருக்கப் போறேன்" என்றாள்.

"இது தீவா மதினி? வெறும் திட்டு."

"சுத்தித் தண்ணி நின்னாத் தீவுதான் புள்ள."

புளி வேலை கைக்குத்தான் வேலை. ஓட்டை உடைப்போம், நாரை உரிப்போம், கொட்டையைத் தட்டி எடுப்போம். கண்ணுக்கு ஒரு வேலையும் கிடையாது. அதனால் மதினியின் கண் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கும். எதைப் பார்த்தாலும் அதைத் துணியாகப் பார்ப்பது அவள் பழக்கம். புளியங்கொழுந்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, "இந்தப் பச்சை ஒடம்புக்கு, நுனியில இருக்கே இந்தச் செவப்பு, அது கரைக்கு" என்பாள். தட்டான் ஒன்று தண்ணீரோரக் கோரைப்புல்லில் உட்கார்ந்தால், அதன் வாலையும் இறக்கையையும் பார்த்து எது முந்தானை என்று யோசிப்பாள். ரங்கூனில் பெண்கள் மேலுக்கு ஒரு நிறம், கீழுக்கு ஒரு நிறம் என்று பார்த்துப் பார்த்து உடுத்துவார்களாம்.

எனக்கு இதெல்லாம் புதுசு. அதுவரை சந்தையில் எது வருகிறதோ அதுதான் எனக்கு நிறம். யுத்தம் வந்தபின் அதுவும் போய்விட்டது. கண்ட்ரோல் கடையில் கிடைத்ததெல்லாம் கஞ்சி வாடை அடிக்கும், வெளுக்காத கோராத் துணிதான். அந்த வருஷப் பொங்கலுக்கு வாங்கிய கோராத் துண்டு ஒன்று தைக்கப்படாமலே மதினியின் பெட்டியில் கிடந்தது.

திட்டின் ஓரத்தில் ஒரு மொட்டைப் பனை நின்றது. அதன் உச்சியில் தினமும் ஒரு குருவி வந்து உட்காரும். மங்கிய தவிட்டு நிறம், கழுத்தைச் சுருக்கிக்கொண்டு தூங்குமூஞ்சியாக இருக்கும். நான் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த பனங்காடைதான். ஒருநாள் அதைப் பார்த்து மதினி, "எல்லாத்துக்கும் ஒரு கலரு இருக்கு, பாவம், இதுக்கு மட்டும் ஒண்ணுமில்ல" என்றாள்.

"அது பறக்கயில பாத்ததில்லையா நீங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் பனையைப் பார்த்து வீசினேன்.

பனங்காடை எழும்பியது. இறக்கையை விரித்ததும் உள்ளேயிருந்து நீலம் வந்தது. ஒரு பட்டை கருநீலம், அடுத்த பட்டை வெளுத்த வானம் போன்ற நீலம். தண்ணீருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பனையில் வந்து உட்கார்ந்து இறக்கையை மடித்தது. பழையபடி தவிட்டுக் குருவி.

மதினி கையிலிருந்த புளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"இன்னொருக்கா எறி புள்ள."

எறிந்தேன். அன்று அந்தக் குருவியை நாங்கள் நிம்மதியாக உட்கார விடவில்லை. ஆத்தா கொட்டகையிலிருந்து, "அங்கிட்டு என்ன கல்லெறியிறீங்க?" என்று சத்தம் போட்டபிறகுதான் நிறுத்தினோம். மதினி மறுபடி வந்து உட்கார்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்து மடக்கினாள், நீட்டினாள், தோளுக்குக் கீழே பின்பக்கம் விரலால் கோடு இழுத்தாள்.

"சும்மா இருக்கையில தெரியக்கூடாது. கைய நீட்டினாத் தெரியணும். இங்கன மடிப்பு வச்சு, மடிப்புக்குள்ள நீலத்தக் குடுத்தா?"

எனக்குப் பாதி புரிந்தது. மீதி புரியவேண்டும் என்ற ஆசையில் அன்று தூக்கமே பிடிக்கவில்லை.

மறுநாளே ஆரம்பித்துவிட்டோம். முதலில் நீலத்தைத் தேடினோம். தண்ணீரோரப் புதர்களில் சங்குப்பூ கொடி கொடியாகப் படர்ந்திருந்தது. மடி நிறையப் பறித்து வெந்நீரில் போட்டு, கோராத் துண்டின் ஓரத்தில் கொஞ்சம் கிழித்து அதில் ஊறவைத்தோம். எடுத்தபோது நல்ல நீலம். நான் துள்ளிக்கொண்டு போய் அதைப் பிழிந்து கொடியில் போட்டேன். போட்ட இடத்திலேயே, என் விரல் பட்ட இடமெல்லாம் ரோஜா நிறமாகத் திட்டுத்திட்டாக மாறியது.

"மதினி, இங்க வந்து பாருங்க! துணிக்கு என்னமோ ஆயிருச்சு."

அவள் துணியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், முகர்ந்தாள். "புளிக்கையி" என்றாள். சோதித்துப் பார்க்க ஒரு சுளைப் புளியைக் கரைத்து மிச்ச நீலத்தில் விட்டோம். சட்டி முழுக்கச் சிவந்தது. அதற்குப்பின் அடுப்புச் சாம்பலைக் கரைத்துவிட்டோம். பச்சை மாதிரி ஏதோ ஒன்று ஆனது. அன்று பகல் முழுக்க எங்களுக்கு வேறு வேலை ஓடவில்லை. எதைக் கலந்தால் என்ன ஆகும் என்று ஒரு சட்டி விடாமல் எடுத்துப் பார்த்துவிட்டோம். ஆனால் எந்த நிறமும் நிற்கவில்லை. கண்மாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசியதும் எல்லாம் பழைய கோராவாகிவிட்டது.

தவிட்டு நிறம் அப்படி அலைக்கழிக்கவில்லை. புளியங்கொட்டையை வறுத்துக் குத்தி ஆத்தா பருப்பு எடுப்பாள். தோலைக் கொட்டிவிடுவாள். மழைத்தூறலில் நனைந்த அந்தத் தோல் குவியலின் கீழே மண் செம்பழுப்பாகக் கறை பிடித்திருந்ததை நான்தான் பார்த்தேன். மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தோலை அள்ளிப் பானையில் கொதிக்கவைத்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பில் துளி சேர்த்து, துணியை முக்கினோம். பனங்காடையின் முதுகு நிறம் அப்படியே வந்தது. அலசினோம், நின்றது. வெயிலில் காயப்போட்டோம், இன்னும் கொஞ்சம் ஏறியது.

பானைதான் பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. ஆத்தா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சோறாக்குற பானையக் கெடுத்துட்டு, சட்டைக்குச் சாயமாம்! நானெல்லாம் சட்டை போட்டா வளந்தேன்?" என்று கத்தினாள். உண்மைதான். அவள் வயதுப் பெண்கள் எங்கள் பக்கம் யாரும் ரவிக்கை போட்டதில்லை. அவளுக்கு ரவிக்கையே அதிகம், அதற்குள் ஒளித்து வைக்க ஒரு நிறம் வேறா?

நீலத்துக்கு வழியில்லாமல் நின்றோம். மதினி பெட்டியைத் திறந்து, அடியில் மடித்திருந்த பர்மாப் பட்டுக் கைலி ஒன்றை எடுத்தாள். கருநீலம். ரங்கூனில் அவள் இடுப்பில் கட்டியது. இங்கே கட்டக்கூடாது, ஊர் சிரிக்கும் என்று ஆத்தா வந்த அன்றே சொல்லியிருந்தாள். மதினி கத்திரியை வைத்தபோது நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம் மதினி. நல்ல பட்டு."

"பெட்டிக்குள்ள யாரு பாக்கப் போறா?" என்று சொல்லி நேராக வெட்டினாள். வெட்டும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. அளவு தப்பக்கூடாதே என்ற கவனம்தான் இருந்தது.

"ரெண்டு நீலம்ல இருந்துச்சு அதுக்கு? ஒண்ணுதானே இருக்கு" என்றேன்.

அவள் துணியைப் புரட்டினாள். பட்டின் பின்பக்கம் வெளிறிய நீலம். ஒரு மடிப்புக்கு முன்பக்கம், அடுத்த மடிப்புக்குப் பின்பக்கம் என்று வைத்துத் தைத்தாள். நான் மிஷினின் கைப்பிடியைச் சுற்றினேன்.

சட்டை என் அளவுக்குத்தான் தைத்தது. போட்டுக்கொண்டு நான் நின்றபோது மதினி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நீட்டு... மடக்கு... நீட்டு" என்று சொல்லிக்கொண்டே கைதட்டினாள். அய்யாகூடப் புளி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அட" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் திருக்கோகர்ணத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. பலசரக்குக் கடைக்காரர்கள். புளி வாங்குவதாகப் பேர் சொல்லிக்கொண்டு மாப்பிள்ளையின் தாயாரும் தங்கையும் தெப்பத்தில் ஏறித் திட்டுக்கே வந்துவிட்டார்கள். முன்கூட்டித் தகவல் இல்லை. ஆத்தா பதறி, "அந்தக் குருவிச் சட்டையக் கழட்டு, போ" என்று கிசுகிசுப்பதற்குள் தெப்பம் கரையில் முட்டியது. அந்த அம்மாள் இறங்கத் தடுமாறினார். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

தங்கைக்காரி என் பின்னால் நின்றாள். என் வயதுதான் இருக்கும், வாய் துடுக்கு. "ஆத்தா, இந்தப் புள்ளைக்குச் சட்டை கிழிஞ்சு உள்துணி தெரியுது" என்றாள்.

எங்கள் ஆத்தா முகம் செத்துவிட்டது. எனக்குத் தண்ணீரில் குதித்துவிடலாம் போலிருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். மடிப்பு மூடிக்கொண்டது.

மாப்பிள்ளையின் தாயார் திகைத்தார். "எங்க, இன்னொருக்கா நீட்டு" என்றார்.

"அயித்தை, அது வந்து..." என்று இழுத்தேன்.

"நீட்டு ஆத்தா, பாப்போம்" என்றார் அந்த அம்மாள்.

நீட்டினேன். அவர் மடிப்புக்குள் விரலை விட்டுப் பட்டைத் தடவிப் பார்த்தார். "கிழியல, வேணும்னே வச்சுத் தச்சிருக்கு. யாரு தச்சது?" என்றார்.

மதினி முன்னால் வந்தாள். அதற்குப்பின் அந்த அம்மாள் என்னைப் பார்க்கவேயில்லை. எனக்குச் சமைக்கத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா, ஒன்றும் கேட்கவில்லை. மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, பனங்காடைக் கதை முழுவதையும் மதினியிடம் கேட்டார். ரவிக்கை போடாத அந்த அம்மாள், மடிப்பை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று அத்தனை நுணுக்கமாக விசாரித்தார். புறப்படும்போது புளி வாங்கினார்கள். சம்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சில நாள் கழித்து அண்ணன் கரையிலிருந்து தகவல் கொண்டுவந்தான். மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் முடிவாகிவிட்டது. ஆத்தா என்னைத் திட்டவில்லை, பானையைத்தான் திட்டினாள். மதினி மெதுவாக, "ஒனக்கு வருத்தமா?" என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் முகமே எனக்குத் தெரியாது. அவருடைய தாயாரின் முகம்தான் ஞாபகத்தில் இருந்தது. அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அதைச் சொன்னேன். மதினி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அண்ணன் சொல்லி முடித்துவிட்டு ஒரு துணிப்பொட்டலத்தையும் கொடுத்தான். அந்தத் தங்கைக்காரிக்கு அதே மாதிரி ஒரு சட்டை வேண்டுமாம். உள்ளே கோராத் துணியும் ஒரு அளவுச் சட்டையும் இருந்தன. நீலம் இல்லை.

கைலியில் மிச்சமிருந்த துண்டை மதினி எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தாள். "அதே மாதிரி வேணாம். ஒண்ணப்போல ஒண்ணு தச்சா அதுல என்ன இருக்கு? வேற ஒண்ணு தேடு" என்றாள்.

தேடுவது என் வேலையானது. திட்டைச் சுற்றி நடந்தேன். தண்ணீர் அதற்குள் நன்றாக இறங்கியிருந்தது. சேற்றில் மடையான் கொக்குகள் நின்றன. சேற்றோடு சேறாக, அழுக்குப் பழுப்பில், இருப்பதே தெரியாது. நான் கிட்டே போனதும் அவை எழும்பின. அத்தனையும் வெள்ளை. இறக்கையில் ஒரு பொட்டு அழுக்கில்லாத வெள்ளை. நான் சேற்றில் கால் புதைய ஓடிவந்து மதினியிடம் சொன்னேன். வெள்ளைக்கு எங்கும் போகவேண்டாம். கோராவைச் சாம்பல் போட்டு அவித்து, வெயிலில் வெளுக்கவைத்தால் போதும். மேல்துணியின் சேற்றுப் பழுப்புக்குக் கருவேலம்பட்டையை இடித்துக் காய்ச்சினோம்.

நாங்கள் திட்டைக் காலி பண்ணும் வாரத்தில் அந்தப் பெண்ணே சட்டையை வாங்க வந்தாள். தெப்பம் ஓடாத அளவுக்குத் தண்ணீர் குறைந்திருந்ததால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். கொட்டகைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கையை நீட்டினாள்.

"தெரியுதா?"

"தெரியுது" என்றோம்.

கழுத்தை வளைத்துத் தன் கையின் பின்பக்கத்தைப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. மறுபடி வேகமாக நீட்டிவிட்டுச் சட்டென்று திரும்பினாள். அப்போதும் அகப்படவில்லை. "எனக்குத் தெரியலையே" என்றாள் அழாத குறையாக.

மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். "போட்டவளுக்குத் தெரியாது புள்ள. எனக்கே இப்பத்தான் ஒறைக்குது."

அவள் விடவில்லை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "நீ போடு, நான் பாக்கணும்" என்றாள். எனக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அவள் கொட்டகைக் கம்பில் சாய்ந்துகொண்டு, என்னைத் திட்டின் ஓரம் வரை நடக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள், மரக்கிளையைப் பிடிக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும், "இரு, இரு, இப்ப மடக்கு" என்றாள். பார்த்துப் பார்த்து அவளுக்குத் திருப்தி ஆனபோது நடு வெயிலாகிவிட்டது. ஆத்தா அவளைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்காரவைத்து, கறை பிடித்த அந்தப் பானையிலிருந்தே சோறு போட்டாள்.