திங்கட்கிழமைச் சோதனை

உள்ளங்கையளவு மஞ்சள் கருவி அது. அதன் பட்டியில் எப்போதும் யாரோ ஒருவருடைய வியர்வை மணக்கும். தடம் போடாத மலைச்சரிவுகளில் பனிச்சறுக்குப் போகிறவர்கள் அதை நெஞ்சோடு கட்டிக்கொள்வார்கள். பனி சரிந்து ஒருவரை மூடிவிட்டால், அவருடைய கருவி அனுப்பும் சிக்னலைக் கூட வந்தவர்களின் கருவிகள் பிடித்துக் காட்டும். அது செத்திருந்தால், கையில் பனி அள்ளும் சவள் இருந்தும் எங்கே தோண்டுவது என்று தெரியாது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், அவற்றை வாடகைக்கு விடும் ஒரு கடைக்கு நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்த கிடங்கில் எனக்கு வேலை. மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணை. பனிச்சறுக்கு மட்டையில் ஒருநாளும் கால் வைக்காதவர். ஆனால் திங்கள்தோறும் திரும்பி வரும் கருவிகளை ஒவ்வொன்றாக மற்றவற்றிலிருந்து தள்ளி எடுத்துப்போய்ச் சோதிக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருப்பார்.

மாலையில் எனக்கு நகரின் இன்னொரு பகுதியான லாசாலில் துப்புரவு வேலையும் இருந்தது. அந்தத் திங்களன்று நிற்கவே தெம்பில்லை. எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி இயக்கிவிட்டு, சிக்னலைத் தேடும் நிலையில் வைத்த இன்னொரு கருவியை மேலே நகர்த்தினேன். எதன்மேல் பிடித்தாலும் ஒலித்தது. பக்கத்தில் கிடப்பதன் சிக்னலுக்கும் ஒலிக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் பெட்டிக்குள் அடுக்கினேன்.

“பிள்ளை, ஒண்டொண்டாய்த் தள்ளி வைச்சே பாத்தனீர்?”

“ஓம் அண்ணை.”

வெள்ளியன்று ஒரு மாணவி அவற்றில் ஒன்றை எடுத்துப்போனாள். அடுத்த திங்கள் கொண்டுவந்து வைத்தாள். மலையடியில் ஒருவர் கருவியை மற்றவர் சோதித்த பிறகுதான் ஏறுவார்களாம், அவளுடையது ஒலிக்கவில்லை. நண்பர்கள் ஏற, அவள் இரண்டு நாளும் விடுதியிலேயே இருந்திருக்கிறாள். தான்தான் எங்கேயோ கீழே போட்டுவிட்டோமோ என்று பிரெஞ்சில் மன்னிப்பு வேறு கேட்டாள். அங்கே சோதிக்காமல் ஏறியிருந்தால் என்று நினைத்தபடி கருவியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். அண்ணைதான் தன் அரைகுறைப் பிரெஞ்சில், பிழை எங்களுடையது என்றார்.

அவள் போனதும் திட்டுவார் என்று நின்றேன்.

“களைப்பெண்டால் களைப்பெண்டு சொல்லும். பாக்காமல் ஓம் எண்டு சொல்லாதேயும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சோதித்த ஒவ்வொன்றையும் அவரும் ஒருமுறை சோதித்தார். நான் அங்கிருந்த நான்கு வருடமும் அப்படித்தான். என்னை நம்பவில்லையே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே திரிந்தேன்.

இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயது. ஒரு வேலை முடித்து வந்து உட்கார்ந்தால் எழும்ப மனம் வருவதில்லை. அவருக்கும் மாலையில் இன்னொரு வேலை இருந்தது. அதற்கு ஓட வேண்டிய மனிதரைத்தான், ஒரே ஒரு பொய்யால், நான்கு வருடம் என் வேலையையும் செய்யவைத்தேன்.