செவன் கிங்ஸிலிருந்து மேற்கே, ஒரு சாமிப் படத்தோடு

பெப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை 8.40. செவன் கிங்ஸ் ரயில் நிலையத்தில் தோளில் துணிப்பையோடு நின்றேன். பைக்குள் நான் உடுத்துக் கழித்த பழைய சாறத்தில் சுற்றிய பிள்ளையார் படம், கடதாசியில் மடித்த ஒரு சரை உப்பு, ஒரு துண்டு மஞ்சள். போகவேண்டிய இடம் லண்டனின் மறுகோடியான ஹவுன்ஸ்லோ. அங்கே வதனி என்றொரு பெண் இருக்கிறாள், விமான நிலையத்தில் வேலை. திங்கட்கிழமை கனடாவின் கல்கரி நகருக்குத் தன் தங்கையிடம் போகிறாள். என் மகள் நிலானி இருப்பதும் கல்கரியில்தான். அவளுடைய பிள்ளைப்பேறு பார்க்கவென்று போன என் மனைவி சாந்தா, ஒன்பது மாதமாக அங்கேயே நிற்கிறாள்.

நிலானி இப்போது அங்கே வீடு வாங்கியிருக்கிறாள். எங்கள் ஆட்கள் புதுவீட்டுக்குள் முதலில் கொண்டுபோவது சாமிப் படமும் உப்பும் மஞ்சளும். பிறகுதான் பால் காய்ச்சுவது. "எங்கட பிள்ளையாரை ஆரிட்டையும் குடுத்து விடுங்கோ" என்று சாந்தா போனில் சொன்னாள். "நீங்களும் வாறதை ஒருக்கா யோசியுங்கோவன்." பாப்பம் என்று சொல்லி வைத்தேன். உப்பையும் மஞ்சளையும் அவள் மறந்துவிட்டாள் போல என்று நானே பையில் போட்டேன்.

அந்தப் படம் யாழ்ப்பாணத்திலிருந்து ஹொலன்ட், ஹொலன்டிலிருந்து லண்டன் என்று எங்களோடு அலைந்தது. அது எங்கே தொங்குகிறதோ அதுதான் எங்களுக்கு வீடு. அதுவும் போனால் செவன் கிங்ஸில் மிஞ்சுவது நானும் ஒரு ஆணியும்தான். எனக்கு வயது அறுபத்திரண்டு. இன்னொரு நாடு மாற மனமில்லை. தனியே சமைத்து, தனியே தின்று, டிவியோடு கதைத்துக்கொண்டிருக்கவும் ஏலவில்லை. இரண்டில் ஒன்றை முடிவெடுக்க வேண்டும், அதைத்தான் ஒன்பது மாதமாக ஒத்திப்போட்டு வருகிறேன்.

வதனிக்கு வேலை முடிவது இரண்டு மணிக்கு. வீட்டில் இருப்புக்கொள்ளாததால் வெள்ளெனவே கிளம்பி, வழியில் ரொதர்ஹைத்தைப் பார்த்துப் போவதென்று வைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் குடியேறப் போன ஒரு கூட்டத்தை ஏற்றிய மேஃபிளவர் கப்பல், 1620இல் புறப்பட்ட துறை அது. நிலானி பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் அதைப்பற்றி ஒரு புராஜெக்ட் செய்தாள். "அப்பா, அங்க ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ" என்று ஒரு மாதம் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்போது எனக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஷிப்ட். கூட்டிப்போகவேயில்லை. எங்கள் வீட்டிலிருந்து எட்டு மைல்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

9.20. வைட்சப்பலில் ரயில் மாறினேன். மூன்றாவது நிறுத்தம் ரொதர்ஹைத். அதற்கு முந்திய வொப்பிங்கைத் தாண்டியதும் ரயில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியால் போகிறது. தலைக்குமேல் ஓர் ஆறே ஓடுகிறது. பெட்டியில் ஒருவரும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

9.40. ரொதர்ஹைத்தில் கல் பதித்த ஒடுங்கிய தெரு, மாடிவீடுகளாக மாறிய பழைய பண்டகசாலைகள், நடுவே ஒரு தேவாலயம், அதற்கு அங்கால் சாம்பல் நிறத்தில் ஆறு. குளிருக்கு ஒரு தேநீர் குடித்தேன், மூன்று பவுண் நாற்பது. அந்தக் காசுக்கு எங்கள் பக்கத்து இல்ஃபோர்ட்டில் தேத்தண்ணியோடு வடையும் கடித்திருப்பேன். தேவாலய முற்றத்தில் மேஃபிளவர் கப்பல்தலைவனின் சிலை, கையில் ஒரு குழந்தை. தலைவன் திரும்பிப் பழைய நாட்டைப் பார்க்கிறான். குழந்தை புது நாட்டைப் பார்க்கிறது. அந்த இடத்தில் நிலானி நின்றிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கவோ சொல்லவோ ஒருவருமில்லை.

உள்ளே மெழுகுதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைக் கண்டு கிட்ட வந்தார். "மூதாதையரைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்தீர்களா?"

"இல்லை, செவன் கிங்ஸிலிருந்து" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

கதை அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியினர் மத நெருக்கடி தாங்காமல் முதலில் இங்கிலாந்திலிருந்து ஹொலன்டுக்கு ஓடியவர்கள். லைடன் நகரில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தார்கள். பிள்ளைகள் டச்சுக்காரராகவே மாறிவிடும் என்ற பயத்தில் அங்கிருந்தும் கிளம்பினார்கள். லைடன், நான் பதினொரு வருடம் இருந்த டென் ஹாக்கிலிருந்து ரயிலில் கால்மணி நேரம். நிலானி வீட்டில் டச்சு கதைக்கிறாள், இங்கிலீசில் படித்தால்தான் அவளுக்கு எதிர்காலம் என்று நாங்களும் அப்படித்தானே மூட்டை கட்டினோம்!

"அமெரிக்கா போனபிறகும் அவர்கள் நிற்கவில்லை" என்றார் அந்த அம்மா. "பின்னால் வந்தவர்களும் பிள்ளைகளுமாக இன்னும் மேற்கே, இன்னும் மேற்கே என்று போனார்கள்." போன இடமெல்லாம் ஏற்கெனவே ஆட்கள் இருந்த இடம் என்பதையும் அவரே சொன்னார். எங்கள் ஊர்க் காணியைச் சுற்றி ஒருநாள் ஆமி முட்கம்பி அடித்தது. முட்கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். அந்த மண்ணின் சனமும் அப்படித்தானே நின்று பார்த்திருக்கும்.

"கூட வந்த மற்றக் கப்பல் ஓட்டையாகித் திரும்பியது. அதில் வந்த சிலர், இனி எங்களால் முடியாது என்று இறங்கிவிட்டார்கள்" என்றார்.

"இறங்கினவர்களுக்கு என்ன நடந்தது?"

அவர் கையிலிருந்த மெழுகுதிரியைக் கீழே வைத்தார். "அதை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை."

அந்தப் பதிலோடு ஆற்றங்கரையில் ஒரு மணிநேரம் இருந்தேன். பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டு இப்படி ஒருவன் கரையில் இருந்திருப்பானோ என்று தோன்றியது. அவன் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாமல் போனது எனக்கு ஏனோ பொறுக்கவில்லை.

12.15. பத்து நிமிடம் நடந்து கனடா வாட்டர் நிலையத்தில் ரயில் ஏறினேன். எனக்கு வாய்த்த கனடா இதுதான் என்று சிரிப்பு வந்தது. கிரீன் பார்க்கில் மாறி ஹவுன்ஸ்லோ சேர்ந்து, வதனி வரும்வரை ஒரு கடை வாசலில் நேரத்தைக் கடத்தினேன்.

2.40. வதனி வேலைச் சீருடையோடு கதவைத் திறந்தாள். "வாங்கோ அண்ணை. படத்தைக் கைப்பையிலயே கொண்டு போறன், யோசிக்காதேங்கோ." சாறத்தை விரித்துப் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் உப்பையும் மஞ்சளையும் நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணை, இதையே என்னட்டத் தாறியள்? படத்தை ஆரும் கொண்டு போகலாம். உப்பும் மஞ்சளும் வீட்டு ஆக்களெல்லோ கொண்டு போகவேணும். நான் கொண்டு போனா அது ஆரின்ர வீடு?"

"அங்க கடையில வாங்கட்டும் எண்டு விடவோ?"

"வாங்கலாம். எப்ப பால் காய்ச்சினம்?"

"ஏப்ரலிலதான் வீட்டுத் திறப்புக் கையில கிடைக்கும்."

"அப்ப நேரம் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

5.30. வீடு. உப்பும் மஞ்சளுமாகக் கதவைத் திறந்து உள்ளே போனபோது புதுக்குடி வந்தவன் போலிருந்தது. குடிவரும் வீட்டில் பத்துப் பேர் நிற்பார்கள். இங்கே சுவரில் ஆணியும், படம் இருந்த இடத்தில் வெளிறாத ஒரு சதுரமும். விளக்கேற்றும் நேரம் எதன் முன்னால் நிற்பதென்று தெரியாமல் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

சாந்தாவுக்கு எடுத்தேன். அங்கே காலை பத்தரை. "குடுத்திட்டியளே?" என்றாள்.

"படத்தைக் குடுத்திட்டன். உப்பு மஞ்சளை அவள் வாங்கமாட்டன் எண்டிட்டாள்."

"அதை நான் கேக்கேல்லையே."

"மறந்திட்டாய் எண்டு நினைச்சன்."

"இந்த வயசிலயும் அதை மறப்பனோ?" பேரக்குழந்தை சிணுங்குவது கேட்டது, அதைத் தேற்றிக்கொண்டே சொன்னாள். "அது உங்கட கையாலதான் வரவேணும் எண்டு சொல்லாமல் விட்டனான்."

ஓம் என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கித் தூசு தட்டினேன். ஹொலன்டில் வாங்கியது, இழுத்தால் ஒரு சில்லு ஆடும். அதற்குள் முதல் சாமானாக உப்புச் சரையையும் மஞ்சளையும் வைத்தேன்.