இறக்கத்தில் மிச்சம் பிடித்த சவரிமுத்து அண்ணன்

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் மகன் கார் எண்ணெய் விலை ஏறிவிட்டதென்று பொருமிக்கொண்டிருந்தான். தெப்ராவிலிருந்து வேலைக்குப் போய்வர இனிமேல் கட்டுப்படியாகாது என்றான். ஏர்கோனைப் போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிடுகிற உனக்கு எந்த விலையும் கட்டுப்படியாகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. சிம்பாங் ரெங்கத்திலிருந்து சவரிமுத்து அண்ணனின் மகள் ஸ்டெல்லா பேசினாள்.

"சித்தப்பா, அப்பா போய்ட்டாங்க. காப்பி கேட்டாங்க, கலந்து கொண்டாந்தேன். அதுக்குள்ள போய்ட்டாங்க" என்றாள்.

அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்றைக்காவது இப்படி ஒரு செய்தி வரும் என்று தெரியும். தெரிந்திருந்தும் என்ன, நாற்காலியில் உட்கார்ந்தவன் மகன் வந்து கையைப் பிடித்துத் தூக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் பந்தலுக்குக் கீழே இருவர் பேசிக்கொண்டதைக் கேட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் கூட்டாளியைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தான் தப்பித்தவர் இவர் என்றான் ஒருவன். அப்படியா என்றான் மற்றவன். இருவருமே அப்போது பிறந்திராதவர்கள். அந்தக் கூட்டாளி நான்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் போகாமல், சாமான் கட்டி வந்த காகிதங்களைப் பார்த்து எழுத்துப் படித்தவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். நடந்ததில் பிழை இருக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் மூன்று பேர் லோரி ஓட்டினோம். சவரிமுத்து அண்ணன், ராமநாதபுரக் கரையிலிருந்து வந்த காதர், நான். சவரிமுத்து அண்ணன் நெட்டையான மனிதர். லோரிக்குள் ஏறினால் தலை கூரையில் இடிக்கும். குனிந்தபடியேதான் ஓட்டுவார். சப்பாத்து போடமாட்டார். வெறுங்காலில் ஓட்டினால்தான் எண்ணெய் எவ்வளவு இறங்குகிறதென்று பாதத்துக்குத் தெரியும் என்பார். நான் சிரிப்பேன். கடைசிவரை நான் சப்பாத்துப் போட்டுத்தான் ஓட்டினேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் எண்ணெய்க்குக் குறைவில்லை. அதனால் அவருடைய பழக்கங்களை எல்லாரும் கஞ்சத்தனம் என்றார்கள். ஜப்பான்காரன் வந்து, எண்ணெயை டின்னில் அளந்து கொடுக்கத் தொடங்கியதும் அதே பழக்கங்களைத் திருட்டுத்தனமாக எல்லாரும் பார்த்துச் செய்தார்கள், நானும்தான். லோரியை அவர் எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவார். காலையில் உருட்டிவிட்டே இன்ஜினைப் பிடிக்க வைப்பார். மேடு இல்லாத இடமென்றால் கேத்தலில் வெந்நீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுவார், குளிர்ந்த இன்ஜின் அதிகம் குடிக்கும் என்பதால். டாங்கின் மூடிக்கு அடியில் பழைய டியூபை வட்டமாக வெட்டி வைத்திருந்தார். வெயிலில் ஆவியாகப் போவதும் நம் எண்ணெய்தானே என்று கேட்பார். இறக்கம் வந்தால் இன்ஜினை நிறுத்திவிடுவார். லோரி சத்தமே இல்லாமல் வரும். வழியோரக் கம்பத்துக் குடிசைகளில் இருந்த மலாய்க்காரர்கள் அதற்குப் பேய் லோரி என்று பெயர் வைத்திருந்தார்கள். இது ஆபத்தான வேலை. பிரேக் ஒழுங்காக இருந்த லோரி எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

எங்களுக்குள் எழுதாத விதி ஒன்று இருந்தது. மிச்சம் பிடித்த எண்ணெயை, அளந்து கொடுக்கிற ஜப்பான் அதிகாரி கண்ணில் காட்டக்கூடாது. அளவு பார்க்க வருகிற நாளுக்கு முன்னால் மிச்சத்தை வடித்து எங்காவது மறைத்துவிட வேண்டும். "மிச்சம் பிடிக்கிறது பாதி வேலைதான் தம்பி. மிச்சம் இல்லாத மாதிரி நிக்கிறது மீதி வேலை" என்பார் அண்ணன்.

அந்த விதியை உடைத்தவன் நான். ஒரு மாதம் எனக்கு நல்ல ஓட்டம் அமைந்தது. கொடுத்த எண்ணெயில் ஒரு டின் முழுதாக மிஞ்சியது. மற்ற இருவரையும்விட நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா? அதிகாரி வந்தபோது அந்த டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். அடுத்த மாதம் மூவருக்கும் ஆளுக்கு ஒரு டின் குறைத்துவிட்டார்.

காதர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைக் கலந்து ஊற்றிப் பார்த்து, இன்ஜினெல்லாம் பிசின் பிடித்து அவர்தான் அதிகம் அவதிப்பட்டார். அண்ணன் மட்டும் எப்போதும்போல் பேசினார். "சிகரெட்டாச்சும் நல்ல சிகரெட்டா தம்பி?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

ஒரு டின்னோடு அது நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதிகாரி எங்களை வரிசையாக நிற்க வைத்தார். மூன்று லோரிக்கு இனி எண்ணெய் இல்லை, இரண்டுதான் ஓடும், ஒரு டிரைவர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போவான் என்று தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மொழிபெயர்த்துச் சொன்னார். மூவரும் ஒரே அளவு எண்ணெயில் ஜொகூர் பாருவுக்குப் போய் அரிசி ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். டாங்கில் மிஞ்சுவதை அவரே குச்சி விட்டுப் பார்ப்பார்.

தோட்டத்திலிருந்து அதற்கு முன்பே சயாமுக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஒருவரும் திரும்பி வந்திருக்கவில்லை. அப்போது என் மனைவி பவளத்துக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. தோற்றவன்தான் போவான் என்று நாங்கள் முடிவுகட்டிக்கொண்டோம்.

நான் என் வாழ்நாளில் அன்றைக்கு ஓட்டியதுபோல் ஓட்டியதில்லை. கூலாய் இறக்கங்களில் இன்ஜினை நிறுத்தினேன். ஸ்பேர் டயரையும், உட்காரும் மெத்தையையும் தோட்டத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வெறும் பலகையில் உட்கார்ந்து ஓட்டினேன். திரும்பி வரும்போது, தோட்டத்து மண்பாதைக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு வளைவில் அண்ணன் லோரியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றார். பின்னால் வந்த காதரும் நிறுத்தினார்.

அண்ணன் மூங்கில் குச்சி ஒன்றை மூன்று டாங்கிலும் விட்டுப் பார்த்தார். அவருடையதில்தான் அதிகம் இருந்தது. என்னுடையது அதற்கு ஒரு விரல்கடை கீழே. காதருடையதில் குச்சியின் நுனிதான் நனைந்தது. காதர் அந்த நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூணையும் ஒண்ணாக்கிடலாம். நான் கொஞ்சம் கூடவே தர்றேன். நீங்களும் கொஞ்சம் குடுங்க தம்பி" என்றார் அண்ணன். ரப்பர் குழாயைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"நான் மிச்சம் பிடிச்சதை நான் ஏன் குடுக்கணும்?" என்றேன். "எனக்குப் பச்சப் புள்ள இருக்கு."

"காதருக்கு ஊர்ல நாலு இருக்கு. தோத்தவன்தான் போவான்னு நாமதானே சொல்லிக்கிறோம், ஜப்பான்காரன் சொல்லலையே. ஒருத்தன் போவான்னுதான் சொன்னான். மூணும் ஒண்ணா இருந்தா மூணையும் ஓடவிட்டாலும் விடுவான். இல்லேன்னா சீட்டுப் போட்டு எடுத்துக்கட்டும். நம்ம கையால ஒருத்தனை எடுத்து நீட்ட வேணாம்."

என்னை முந்தவிடாமல் செய்ய அவர் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நான் என் டாங்கின் மூடியைத் திறக்கவில்லை. காதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். அண்ணன் தன்னுடையதில் இருந்து உறிஞ்சி எடுத்து, காதருடைய டாங்கில் விட்டார். வாயில் பட்ட எண்ணெயைத் துப்பிவிட்டு, "வாங்க போலாம்" என்றார். இருவருடைய அளவும் சமமாகிவிட்டது. என்னுடையது இரண்டுக்கும் மேலே நின்றது.

அதிகாரி குச்சி விட்டுப் பார்த்தார். என் தோளைத் தட்டிச் சிரித்தார். கிராணி என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்.

"இவ்வளவு கொஞ்சத்துல இவ்வளவு தூரம் ஓட்டுற ஆளுதான் சயாம்ல வேணுங்கிறாரு. நாளைக்குக் காலைல நீங்க கிளம்பணுமாம்."

அப்போது அண்ணன் வரிசையை விட்டு முன்னால் வந்தார். "கிராணி ஐயா, நான் சொல்றத அவருகிட்ட சொல்லுங்க. நல்லா ஓடுறது இவரு லோரி, ஆளு சுமாருதான். ஆளு வேணும்னா என்னை அனுப்பச் சொல்லுங்க" என்றார். கிராணி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அறை விழுந்தது. அண்ணன் கீழே விழவில்லை. மறுபடி அதையே சொன்னார். மறுபடி அறை விழுந்தது. காதர்தான் அவரை இழுத்து வரிசையில் நிறுத்தினார்.

தோட்டத்தில் பாதிப் பேர் தூரத்திலிருந்து பார்த்தார்கள். அண்ணனும் காதரும் சமமாக நின்றதும் நான் மட்டும் போனதும் அவர்களுக்குத் தெரியும். அங்கே என்ன பேசப்பட்டதென்று தெரியாது. அண்ணன் எதையோ சொல்லி என்னை மாட்டிவிட்டார் என்ற கதை அங்கேதான் பிறந்தது.

சயாமைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இது என்னைப் பற்றிய கட்டுரை அல்ல. உயிரோடு திரும்பினேன். வரும் வழியெல்லாம், என் வீட்டில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று மனதைத் தயார் செய்துகொண்டே வந்தேன். மரவள்ளிக்கிழங்குகூடக் கிடைக்காமல் சனங்கள் செத்த காலம் அது. லயத்து வாசலில் பவளம் முறத்தோடு நின்றாள். பக்கத்தில் ஒரு பிள்ளை தன் காலில் நின்றுகொண்டிருந்தது. எண்ணெய் விலைக்குப் பொருமுகிறானே, அவன்தான்.

எப்படிப் பிழைத்தீர்கள் என்று கேட்டேன். பவளம் சொன்னாள். வாரத்துக்கு ஒருமுறை சவரிமுத்து அண்ணன் அரிசி கொண்டுவந்து கொடுத்தாராம். சில வாரம் ஒரு படி, சில வாரம் ஒரு கைப்பிடி. உப்பும், ஒருமுறை குழந்தைக்கு ஒரு டின் பாலும். ஒவ்வோர் இறக்கத்திலும் இன்ஜினை நிறுத்தி மிச்சம் பிடித்ததைச் சோடா போத்தலில் அடைத்து, ஜொகூர் பாருவில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்து மாற்றி வந்திருக்கிறார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். அவருக்கும் மனைவி இருந்தார், குழந்தை இருந்தது.

நான் ஓடிப்போய் அவரிடம் கேட்டேன். அவர் லோரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வராமலே பேசினார்.

"அது இறக்கத்துல சும்மா கிடைச்சது தம்பி. அதுக்குப் போய் என்ன பேச்சு? அந்த ஸ்பேனரை எடுங்க."

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அந்த வளைவைப் பற்றி அன்றும் நான் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு ஆட்கள், சவரிமுத்துதானே உங்களை மாட்டிவிட்டார் என்று என்னிடமே கேட்டார்கள். ஆமாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொன்னால் வளைவில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். அதை என்னால் சொல்ல முடியவில்லை. காதர் ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக்கடை வைத்து நன்றாக வாழ்ந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். அவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தன் காதுபடவே இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார், கிறிஸ்மஸுக்கு நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். எங்கள் வீட்டு முறுக்கு கல்லாக இருக்கிறதென்று வருஷம் தவறாமல் குறை சொன்னார், வருஷம் தவறாமல் ஒரு டின் வாங்கிப் போனார். ஒருநாளும் கேட்கவில்லை.

பந்தலுக்குக் கீழே பேசிய அந்த இருவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அவர்களிடம் நிற்கவில்லை. அவர்கள் வாய்க்குள் அந்தச் சொல்லைப் போட்டவன் யார்?

கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் ஜெபம் முடித்ததும் நான் கையைத் தூக்கினேன். இந்து ஆள் எதற்குக் கை தூக்குகிறான் என்று பார்த்தார்கள். இங்கே எழுதியதையெல்லாம் அங்கே சத்தமாகச் சொன்னேன். டின்னை, வளைவை, திறக்காத மூடியை, இரண்டு அறைகளை, சோடா போத்தல்களை. என் மகன் இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான்.

மரியம்மா அண்ணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன்.

"தெரியும் தம்பி" என்றார். "என்கிட்ட அப்பவே சொல்லிட்டாங்க. அவனே ஒரு நாள் சொல்லுவான், நீ வாயத் திறக்காதேன்னாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இம்புட்டு நாள் ஆகும்னு அவுங்களே நெனைக்கல."

வழியில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். மண் ஈரமாக இருந்தது. மூன்று பிடி அள்ளிப் போட்டேன். முதல் பிடி அண்ணனுக்கு, அடுத்தது காதர் சார்பில், மூன்றாவது பவளம் சார்பில்.

அண்ணே, அன்றைக்கு நான் கொடுத்திருக்க வேண்டும். அதை உங்கள் காது கேட்கிற காலத்தில் சொல்லியிருக்கவும் வேண்டும். இரண்டிலும் பிந்திவிட்டேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.