அரிசியில் எழுதிய பெயர்

இதை எழுதுவதா விடுவதா என்று ஏழு வருடம் தள்ளிப்போட்டேன். எங்கள் சாமி அறையில் ஒரு பித்தளைத் தட்டம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதைப் புளி போட்டு மினுக்கும்போது என் கை நடுவில் நின்றுவிடும். பேரனுக்குப் பெயர் வைத்த அரிசியைப் பரப்பியது அந்தத் தட்டத்தில்தான். நான் படித்தது கொஞ்சம். கோயிலும் வேலையும் வீடுமாய்க் கனடாவில், மோர்னிங்சைட்டில் காலம் கழித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகன் நோர்வேயில் வளர்ந்தவர். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்து ஆட்கள்தான். அந்த நாட்டின் வட அந்தத்தில், மீன்பிடிக்கிற ஒரு சின்ன ஊரில் இருந்தார்கள். தகப்பன் இவருடைய சிறுவயதிலேயே தவறிவிட்டார். மருமகன் மின்சார வேலை செய்கிறவர், அளந்து பேசுகிறவர். பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மாமா, தம்பிக்கு தூர்ஸ்டைன் எண்டு பேர் வைக்கப்போறம்."

மனைவி சிரித்துவிட்டாள். "உதென்ன தம்பி, இருமல் மருந்தின்ரை பேர் மாதிரிக் கிடக்கு?"

மகள் சிரிக்கவில்லை. "அம்மா, ப்ளீஸ். நாங்கள் டிசைட் பண்ணீட்டம்."

அது அந்த நாட்டுப் பழைய பெயர், இடியின் தெய்வத்தை வைத்து வந்தது என்று என் மகன் போனைத் தட்டிப் பார்த்துச் சொன்னான். எனக்கு நெஞ்சு பற்றியெரிந்தது. முருகன் கோயில் வாசலில் கிடந்து வாங்கிய பேரனுக்கு வேறொரு சாமியின் பெயரா? "ஏன்?" என்று ஒரு சொல் நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "என்ரை உயிர் உள்ளமட்டும் நடவாது" என்றேன். "அது எனக்கு வேணும் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு மகள் என் முகம் பார்த்துப் பேசவில்லை. பிள்ளையைத் தூக்க நான் கை நீட்டினால், பசிக்குது என்று சொல்லி உள்ளே கொண்டுபோய்விடுவாள்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளை பிறந்த தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கிற நாள். அதற்கு இரண்டு நாள் முந்தி ஐயருக்குப் போன் எடுத்தேன். "ஐயா, அண்டைக்குப் பேர் என்னெண்டு கேளாதேங்கோ. கதிர்வேல் எண்டு சொல்லி எழுத வையுங்கோ."

"தகப்பனுக்குத் தெரியுமோ?"

"ஓம் ஐயா."

நெற்றியில் திருநீற்றோடு சொன்னேன் அந்தப் பொய்யை. சபையில் வைத்து ஐயர் சொன்னால் மருமகன் மறுக்கமாட்டார் என்பது என் கணக்கு.

அன்று வீடு நிறையச் சனம். சம்பந்தியம்மா நோர்வேயிலிருந்து வந்திருந்தார். கைம்பெண் என்பதால் யாரும் சொல்லாமலே சுவரோடு பின்னுக்கு இருந்தார். புண்ணியாகவாசனம் முடிந்தது. ஐயர் தட்டத்து அரிசியை மருமகனுக்கு முன் தள்ளினார். "மஞ்சள் துண்டாலை எழுதுங்கோ. கதிர்வேல்."

மஞ்சள் துண்டு அரிசியில் பட்டபடி நின்றது. மருமகன் ஐயரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். மகள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவள் இப்போது எழுந்தால் இனி இந்தப் படி ஏறமாட்டாள் என்று எனக்கு விளங்கியது. தலை குனிந்து அவர் 'க' என்று எழுதத் தொடங்கினார். என் மரியாதைக்காகத்தான் எழுதினார்.

"நில்லு தம்பி." பின்னுக்கிருந்து சம்பந்தியம்மா எழும்பி நடுவுக்கு வந்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. இவன்ரை அப்பா செத்தது நல்ல பனிக்காலம். ஒம்பது வயசு இவனுக்கு. செத்தவீட்டு மண்டபத்து முத்தத்திலை, வெறுங்காலோடை, குடம் தோளிலை வைச்சு மூண்டு சுத்து வரவேணும். காலெல்லாம் நீலம் பாஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுக் கிழவன், கடலுக்குப் போற மனுசன், பாத்துக்கொண்டு நிண்டவர் தன்ரை சப்பாத்தையும் சொக்ஸையும் கழட்டி எறிஞ்சிட்டு இவனோடை வெறுங்காலோடை நடந்தவர். மூண்டு சுத்தும். அண்டைக்கு அந்த மனுசன் எங்கடை சாமி ஆரெண்டு கேக்கேல்லை அண்ணை. பிள்ளைகுட்டி இல்லாமல் போனவர். அந்த மனுசன்ரை பேர்தான் உது."

நான் ஐயர் பக்கம் திரும்பினேன். "ஐயா, தகப்பனுக்குத் தெரியுமெண்டு நான் சொன்னது பொய்" என்றேன், எல்லோருக்கும் கேட்க. பிறகு என் உள்ளங்கையால் அந்த 'க'வை அழித்து அரிசியைத் தடவிச் சமமாக்கினேன்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மெதுவாச் சொல்லுங்கோ. நான் படிச்ச மந்திரப் புத்தகத்திலை இந்தப் பேர் இல்லை."

எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. அவர்கள் பக்கத்து நகரமான அஜக்ஸில் வீடு வாங்கிப் போனார்கள். மருமகன் வருவார், மாமா என்பார், ஆனால் ஒரு வருடம் வரை என் வீட்டில் சாப்பிட உட்காரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் இல்லை.

இப்போது கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் "தூர்ஸ்டைன், கார்த்திகை நட்சத்திரம்" என்பேன். புது ஐயர்மார் திருப்பிக் கேட்பார்கள். இன்னும் உரக்கச் சொல்வேன்.

போன வெள்ளிக்கிழமை தட்டத்தை மினுக்கிக்கொண்டிருந்தேன். பேரன் பக்கத்தில் வந்து குந்தினான். "அம்மப்பா, நீங்கள்தானாம் எனக்கு இந்தப் பேரை வைக்கச் சொன்னது. பெரியம்மா சொன்னவ." சொந்தக்காரர் என்னை நல்லவனாக்கிக் கதையை அப்படி மாற்றிவிட்டார்கள். நான் தட்டத்தைக் கீழே வைத்து, புளிக் கையோடு, நடந்ததை அவனுக்குச் சொன்னேன். அதன் பிறகுதான் எழுதத் துணிந்தேன். வாசிக்கிற நீங்களும் யாருக்காவது சொல்லுங்கள். அந்தக் கிழவனார் பனியில் நடந்ததைச் சொல்லும்போது நான் ஐயருக்குச் சொன்ன பொய்யையும் விடாமல் சொல்லுங்கள். எனக்காக ஒரு சொல்லும் மாற்றவேண்டாம்.