இரண்டாம் வருடத்தில் பிசிக்ஸ்

கல்லூரியில் கால் வைத்த அன்றே நான் டாக்டராகிவிட்டேன். நானாக ஆகவில்லை, ஆக்கிவிட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், மன்ஹாட்டனுக்கு ரயில் தூரத்தில் இருக்கும் எடிசன் ஊரிலும் அதைச் சுற்றியும் இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமை மாலைகளில் ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம் வைப்போம். அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது ஊர் வழக்கம். ஊரில் பி.யூ.சி. முடித்துவிட்டு நேராக மெடிக்கல் காலேஜுக்குப் போவார்கள். இங்கே முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டம் வாங்க வேண்டும், அதற்கு நடுவிலேயே மெடிக்கல் ஸ்கூல் கேட்கிற அறிவியல் பாடங்களை முடிக்க வேண்டும், பிறகு நுழைவுத் தேர்வு, இன்டர்வியூ, அதெல்லாம் தாண்டித்தான் மருத்துவம் என்று அப்பா விளக்கிப் பார்த்தார். யார் காதிலும் ஏறவில்லை. “பொண்ணு டாக்டருக்குப் படிக்குது” என்பதோடு விஷயம் முடிந்தது. அதுவரை பாப்பாவாக இருந்த நான் ஒரே வாரத்தில் டாக்டரம்மா ஆனேன்.

டாக்டராவது எனக்குப் பிடித்திருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

சேர்ந்த புதிதிலேயே அப்பா ஒரு கிராஃப் தாளில் செமஸ்டருக்கு ஒன்றாகக் கட்டங்கள் போட்டார். அவர் எஞ்சினியர். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பயாலஜியையும் ஜெனரல் கெமிஸ்ட்ரியையும் முதல் வருடத்தில் எழுதினார், பக்கத்திலேயே கணக்கு.

“ஹிஸ்டரி ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன்ப்பா.”

“ஆபரேஷன் தியேட்டர்ல எந்த ராஜா எப்போ செத்தான்னு யாரும் கேக்க மாட்டாங்க” என்றார்.

மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி என்று போக நினைக்கிறவர்களுக்காகவே கல்லூரியில் ஒரு அட்வைசர் இருந்தார். மெலிந்த, பொறுமையான வெள்ளைக்காரப் பெண்மணி. மேஜர், அதாவது முக்கியப் பாடம், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஹிஸ்டரியாகக்கூட இருக்கலாம், கேட்கிற பாடங்களை முடித்திருந்தால் போதும் என்றார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை, சொன்னாலும் எடுபட்டிருக்காது. அவர் அழுத்தமாகச் சொன்ன எச்சரிக்கை ஒன்றே ஒன்று. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியையும் பிசிக்ஸையும் ஒரே வருடத்தில் வைக்காதே. ஆர்கானிக் இரண்டாம் வருடம், பிசிக்ஸ் மூன்றாம் வருடம். டாக்டராகப் போகிறேன் என்று வருகிற கூட்டத்தில் பாதி ஆர்கானிக்கில்தான் கழன்றுகொள்ளும் என்றார்.

அப்பா சிரித்தார். “பிசிக்ஸ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. நான் சொல்லித் தர்றேன். ரெண்டையும் சேர்த்து முடிச்சுட்டா மூணாவது வருஷம் என்ட்ரன்ஸுக்கு ஃப்ரீயா பிரிப்பேர் பண்ணலாம்.” ரப்பரால் அழித்து, பிசிக்ஸை ஒரு வருடம் முன்னால் கொண்டுவந்து எழுதினார். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு அங்கிள் இருந்தார். அப்பாவோடு தினமும் ஒரே ரயிலில் மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறவர். பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஜெபம் முடிந்து பெண்கள் சாப்பாடு எடுத்து வைக்கும் நேரத்தில் சோபாவில் சாய்ந்து, சட்டைக் கையை மடித்து, வாட்சை மேலே தள்ளிவிட்டு, கையை நீட்டுவார். “டாக்டரம்மா, பேஷண்ட் வெயிட் பண்றான். நாடி பாத்துச் சொல்லுங்க.”

நான் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி, பெரிய வைத்தியர் மாதிரி தலையை ஆட்டுவேன். பிறகு அந்த வாரம் வகுப்பில் என்ன பாடமோ அதுவே அவருக்கு வியாதி. பயாலஜியில் தவளையை அறுத்த வாரம், “அங்கிள், உங்க ஹார்ட்ல மூணு ரூம்தான் இருக்கு, தவளைக்கு இருக்கிற மாதிரி” என்றேன். “ஒரு ரூமை உங்க ஆன்ட்டி எடுத்துக்கிட்டா” என்றார். கெமிஸ்ட்ரியில் உப்புகள் வந்தபோது அவருக்கு ஊறுகாயை நிறுத்தச் சொன்னேன். மொத்தக் கூட்டமும் இதற்காகக் காத்திருக்கும். ஆன்ட்டி மட்டும் சமையலறை வாசலில் நின்று, “பாப்பாவை விடுங்க, பசியில நிக்குது” என்பார். என்னைப் பாப்பா என்று கடைசி வரை கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாம் வருடம், இலையெல்லாம் உதிரும் சமயம், கூட்டம் எங்கள் வீட்டில். அந்த வாரம் பிசிக்ஸ் லேபில் ஊசல். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு நேரம் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்திருந்தது. அங்கிள் கையை நீட்டினார். விரலை வைத்தேன். கண்ணை மூடினேன்.

“அங்கிள், உங்க பெண்டுலம் நடுநடுவுல நின்னு நின்னு போகுது. சாவி குடுக்கணும். திங்கக்கிழமையே போய் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“டாக்டரே இன்னொரு டாக்டருக்கு ரெஃபர் பண்றா பாருங்க. பொழைச்சுக்குவா!” என்றார். எல்லோரையும்விட அவர்தான் அதிகமாகச் சிரித்தார். பிறகு பிரியாணியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ரயில் நிலைய மேடையில், அப்பாவோடு பேசிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினார். அங்கிளின் கையில் இருந்த காப்பி அப்பாவின் கோட்டு முழுக்கக் கொட்டியிருந்தது.

அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. “சனிக்கிழமையே சொன்னாளே” என்று ஒரு குரல். “ஆமா, நின்னு நின்னு போகுதுன்னு சொன்னா.” “டாக்டர்கிட்ட போகச் சொன்னா.” “கையைத் தொட்டே கண்டுபிடிச்சிட்டா.” கடைசியாக வயதான ஒரு பெண்மணி, “இது படிச்சு வர்றது இல்ல. கர்த்தர் குடுத்த வரம்” என்றார். அறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சோபாவில் அங்கிளின் மனைவி மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அதன் பிறகு கைகள் வரத் தொடங்கின. அன்று சிரித்த அதே ஆட்கள். சாப்பாட்டு மேசையருகே, கோட்டு மாட்டும் இடத்தில், கார் ஜன்னல் வழியாகக்கூட மணிக்கட்டை நீட்டினார்கள். நீட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயம், சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்றும் பயம். நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: விளையாட்டுக்குச் சொன்னது, லேபில் பெண்டுலம் பாடம், வாயில் வந்ததை உளறினேன். “என்ன ஒரு தாழ்மை பாருங்க” என்றார்கள். எரிச்சலில் கத்தியும் பார்த்தேன். அதையும் தாழ்மையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்பாவாவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவரோ, “உனக்கே தெரியாம தெரிஞ்சிருக்கலாம்ல?” என்றார். பிசிக்ஸ் தண்ணி பட்ட பாடு என்ற மனிதர்!

எனக்கு அங்கிளின் மணிக்கட்டு நினைவிருந்தது. அதன் சூடு, முடி, வாட்ச் பட்டையின் தடம் எல்லாம் நினைவிருந்தது. துடிப்பு மட்டும் இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை, வேடிக்கைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் போன பிறகு அந்த விரல்கள் இரண்டும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் துடிக்கும், ஆர்கானிக் பரீட்சையில் பேனாவைப் பிடித்தால் துடிக்கும். என் ரத்தம்தான் என்று புத்திக்குத் தெரியும். யாரோ கையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. அட்வைசர் சொன்னபடி பிசிக்ஸ் மூன்றாம் வருடத்திலேயே இருந்திருந்தால் அன்று வேறு எதையாவது சொல்லியிருப்பேன், ஒன்றும் ஆகியிருக்காது என்று தோன்றும். அங்கிள் எப்படியும் போயிருப்பார் என்பது அதற்குப் பிறகுதான் உறைக்கும்.

அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய வேண்டிய நேரத்தில் அப்பா கிராஃப் தாளை மேசையில் விரித்தார். “ஆர்கானிக் செகண்ட் பார்ட், பிசிக்ஸ் செகண்ட் பார்ட்” என்று ஆரம்பித்தார்.

“வேண்டாம்ப்பா. ரெண்டையும் டிராப் பண்றேன். மேஜரை ஹிஸ்டரிக்கு மாத்திக்கிறேன்.”

அன்று வீடு அதிர்ந்தது. ஆண்டவர் கொடுத்ததைக் காலால் தள்ளுகிறேன் என்றார் அப்பா. எனக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அம்மா இரண்டு பேருக்கும் சாப்பாடு கிடையாது என்றாள். கடைசியில், என்னிடம் பேசிப் பார்க்கச் சொல்லி, அப்பா போய் ஆன்ட்டியைக் காரில் கூட்டிவந்தார்.

ஆன்ட்டி அங்கிளின் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கைகள் நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தார். அதைக் கழற்றாமலேயே சமையலறையில் உட்கார்ந்து, அம்மாவையும் அப்பாவையும் வெளியே இருக்கச் சொன்னார்.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும். நெஜத்தை மட்டும் சொல்லு. அன்னைக்கு நீ விளையாட்டுக்குத்தானே சொன்னே?”

இத்தனை வாரங்களில் இதைக் கேட்ட முதல் ஆள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஆமா ஆன்ட்டி. லேப்ல பெண்டுலம் பண்ணிக்கிட்டு இருந்தோம். அங்கிளோட பல்ஸை நான் பாக்கவே இல்ல. சத்தியமா.”

“சத்தியம் எல்லாம் பண்ணாதே” என்றார். மடித்த கோட்டுக் கையைத் தடவிக்கொண்டே சொன்னார். “திங்கக்கிழமை காலைல அவரு ஷேவ் பண்ணிக்கிட்டே, ‘பாப்பா சொல்லுச்சே, லீவு போட்டுட்டு ஒரு எட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடவா’ன்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். ‘தவளை அறுக்கிற புள்ள விளையாட்டுக்குச் சொன்னதை வெச்சு லீவு போடுவீங்களா, வேலைக்குப் போக அவ்வளவு சோம்பலா’ன்னேன். அவரும் சிரிச்சுட்டு ரயிலுக்குப் போயிட்டாரு.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீ விளையாட்டுக்குச் சொல்லியிருந்தா நான் சொன்னது சரி. நீ நெஜமாவே கண்டுபிடிச்சு சொல்லியிருந்தா, அவரைத் தடுத்தது நானு. எல்லாரும் வரம், வரம்னு சொல்றாங்க. எனக்கு அதைக் கேக்க முடியல பாப்பா.”

“விளையாட்டுதான் ஆன்ட்டி. விளையாட்டுதான்.”

“அப்போ ஏன் படிப்பை விடறே?”

அவரே தொடர்ந்தார்.

“நீ விட்டேன்னா, அந்தப் புள்ள தெரிஞ்சுதான் சொல்லியிருக்கு, அதான் பயந்து ஓடுதுன்னு பேசுவாங்க. அவங்க பேசினா பேசிட்டுப் போறாங்க. நானும் அப்படித்தான் நெனைப்பேன். படுத்தா அதையே நெனைப்பேன். நீ பேசாம எல்லாப் புள்ளைங்களையும் போலப் படிச்சு, டாக்டராகிடு.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பக்கம் அப்பா வரத்துக்காகப் படிக்கச் சொல்கிறார், இன்னொரு பக்கம் இவர் வரம் இல்லை என்பதற்காகப் படிக்கச் சொல்கிறார். நடுவில் என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய கோட்டுக்குள் அவர் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்திருந்தார். வெளியே போய் அப்பாவின் கையிலிருந்து பென்சிலை வாங்கி, ஆர்கானிக்கையும் பிசிக்ஸையும் நானே எழுதினேன். அப்பா தன் பேச்சு வென்றது என்று நினைத்துக்கொண்டார். வரம் எதுவும் இல்லாத, மனப்பாடம் செய்கிற, சாதாரணப் பெண் ஒருத்தி டாக்டராக வேண்டியிருந்தது. அதை நான் ஆன்ட்டிக்காகச் செய்தேன்.

ஆர்கானிக்கில் சி கிரேடு வாங்கினேன். அட்வைசர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, கோடையில் இன்னொரு முறை எடு, மூன்றாம் வருடத்தில் மார்க்கை ஏற்றிக் காட்டு என்றார். நான் அந்த சி-யை ஜெபக் கூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. ஆனால் வரம் பெற்றவள் கெமிஸ்ட்ரியில் சி வாங்குவாளா என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வந்தது, கைகள் குறைந்தன. ஆன்ட்டி அன்று எனக்கு இரண்டாம் முறை சாப்பாடு போட்டார், ஏதோ பரிசு வாங்கி வந்தவளுக்குப் போடுவது போல.

முட்டி மோதி மெடிக்கல் ஸ்கூலுக்குள் போனேன். ஆன்ட்டி மகனோடு கலிபோர்னியாவில் பிளசன்டனுக்குக் குடிபோய்விட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் வரும். ஸ்தோத்திரம் சொல்லி, கேக் செய்தாயா என்று கேட்டு, ஊர்க் கதையெல்லாம் பேசி, முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைக் கேட்பார். நானும் அதே பதிலைச் சொல்வேன். எனக்கு அது சுலபமாக இருந்தது, ஏனென்றால் அது உண்மை.

எண்பதுகள் முடியும் சமயத்தில் முதல்முறையாக என்னை வார்டில் விட்டார்கள். ஒரு வயதானவரின் கையைப் பிடித்து என்ன தெரிகிறது சொல் என்றார் சீனியர் டாக்டர். விரலுக்கு அடியில் ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு, பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு இடம், பிறகு அவசரமாக ஒன்று. நின்று நின்று போனது.

அந்த நொடியில் நான் எடிசனில் எங்கள் வீட்டு சோபா முன்னால் இருந்தேன். அதே சூடு, அதே முடி, அதே வாட்ச் தடம். இத்தனை வருடங்களாக வெற்றாக இருந்த இடத்தில் இப்போது ஒரு துடிப்பும் இருந்தது, நடுவில் அதே இடைவெளியோடு. என் விரல் இதை முன்பே பார்த்திருக்கிறது என்று தோன்றியது. அன்று நிஜமாகவே பார்த்ததா, அல்லது இந்தக் கிழவரின் நாடியைக் கொண்டுபோய் அங்கிளின் கையில் நானே வைத்துவிட்டேனா? எவ்வளவு யோசித்தும் பிரிக்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. யார் கையைப் பிடித்தாலும் முதலில் அங்கிளின் கைதான் வருகிறது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் போன் வந்தது. ஆன்ட்டி ஸ்தோத்திரம் சொன்னார், கேக்கைப் பற்றிக் கேட்டார். மகன் வீட்டில் குளிரே இல்லை, ஆனாலும் சில நாள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். பிறகு குரல் தாழ்ந்தது.

“பாப்பா, அன்னைக்கு விளையாட்டுக்குத்தானே சொன்னே?”

“ஆமா ஆன்ட்டி, விளையாட்டுக்குத்தான்” என்றேன். மற்ற வருடங்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.