என் மருமகளுக்கு மட்டும் வந்த பிழை

சிபாரிசா? என் மருமகளுக்கா? மூன்று மாதம் வீட்டில் சும்மா கிடந்தவளை யாரோ பாவம் பார்த்து ஆஃபீஸுக்குக் கூப்பிட்டார்களாம். மாடிவீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கூடவே இருந்து பார்த்தவள் நான், நான் சொல்கிறேன்.

அந்த மூன்று மாதமும் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஆம்புலன்ஸ் எந்தத் தெருவில் வருகிறது என்று காட்டும் செயலி ஒன்றை உருவாக்கும் வேலை. வேலை நிரந்தரமாகவில்லை, சோதனைக் காலம்தான். செயலியின் பாதிப் பாகங்கள் வேறு யாரோ எழுதியவையாம். இணையத்தில் ஒரு கிடங்கிலிருந்து தானாக வந்து சேருமாம். அந்தக் கிடங்கை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து இவள் திரை முழுக்கப் பிழை, பிழை என்று சிவப்பு எழுத்து.

மேலாளர் ஃபோனில் கத்தியது எனக்கே கேட்டது.

"எங்க எல்லாருக்கும் ஓடுதும்மா. உங்ககிட்ட மட்டும்தான் ஓடல. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

அவள் முகம் சுண்டிப்போனது.

"ஏண்டி, உன் மிஷின்ல கோளாறா?"

"இல்லத்தே, என்னோடது புதுசு. அவங்க மிஷின்ல எப்பவோ எடுத்து வெச்ச பழைய பாகமெல்லாம் இருக்கு. அத வெச்சே ஓட்டிட்டிருக்காங்க."

"அத அந்த ஆள்கிட்ட சொல்லேன், வாயைப் பூட்டியா வெச்சிருக்க?"

"முதல்ல சரி பண்ணிடறேன். அப்புறம் சொல்றேன்."

செயலிக்குள் நாற்பத்தோரு இடத்தில் கிடங்கின் பழைய முகவரி இருந்தது. ஒவ்வொன்றாக மாற்றினாள். சிவப்பு குறைந்ததே தவிரப் போகவில்லை. வரைபடம் காட்டும் பாகம், தன் வயிற்றுக்குள் வேண்டிய இன்னொரு பாகத்தை இன்னமும் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் துழாவி அதைப் பிடித்தாள். சோறு தட்டிலேயே காய்ந்தது. நான் திட்டினேன், அவள் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேலாளரை அவளே கூப்பிட்டாள்.

"சார், உங்க மிஷின்ல சேமிச்சு வெச்ச பாகத்தையெல்லாம் அழிச்சிட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க."

அந்தப் பக்கம் அவர் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, இங்கயும் செவப்பா வருதேம்மா!"

"பயப்படாதீங்க சார். இப்ப நான் மாத்தினத எடுத்து ஓட்டுங்க."

நான் கதவோரம் நின்று ஒட்டுக் கேட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

"ஓடுதும்மா," என்றார், குரல் இறங்கி. "நான்தான் சரியா பாக்கல. திங்கட்கிழமை ஆஃபீஸுக்கு வாங்க, வேலைய நிரந்தரம் பண்ணிடலாம்."

திங்கட்கிழமை காலை பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே கதவைத் திறந்துவிட்டேன்.

"வர லேட்டாகும் அத்தே, எனக்காகக் காத்திருக்காம சாப்பிடுங்க."

"காத்திருப்பேன், உனக்கென்ன?" என்றேன்.

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள்.