மூவாயிரத்துக்கு நாற்பத்தொரு நாள்

எங்கள் மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கோடியில் ஓர் அறைக் கதவில் "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கும். எதைத் தொடக்கூடாது என்று எழுதவில்லை. கதவையா, உள்ளே இருக்கும் சர்வர் கணினியையா, அதைக் காக்கும் மனிதரையா? மூன்றையும்தான் என்பது போகப்போகப் புரியும். நாளடைவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. நேரில் "சார்". தலை மறைந்ததும் தொடாதே.

தொடாதேயின் வேலை சர்வரைப் பார்த்துக்கொள்வது. மிகையில்லை, உண்மையிலேயே பார்ப்பதுதான். ஒன்பது மணிக்கு வருவார், செருப்பை வெளியே விடுவார், நாற்காலியைத் துடைப்பார், உட்கார்ந்து பார்ப்பார். அந்த சர்வர் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது ஒரே ஓர் இணையப் பக்கம். இயக்குநரின் படம், அதன் கீழே நான்கு வரி வரவேற்புரை. படத்தில் இயக்குநருக்கு இன்னும் தலை நிறைய முடி இருந்தது.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துவிட்டு, ஒன்று கூட்டி எழுதுவார். சர்வர் ஒருமுறைகூட நிற்காமல் ஓடிய நாட்களின் கணக்கு அது. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதைக் காட்டுவார். மின்விசிறி ரிப்பேருக்கு வந்தவர்கூடத் தப்பவில்லை. "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்னு அவர்கிட்ட கேட்டுப் பாருங்க, முழிப்பாரு" என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நான் தரைத்தளத்தில், பரிசோதனைக்கூட கவுண்ட்டரில் இருக்கிறேன். "ரிசல்ட் வந்துடுச்சா?" என்று நாளுக்கு இருநூறு பேர் கேட்பார்கள். அதில் நூற்றிருபது பேருக்கு "நாளைக்கு வாங்க" என்பேன். அவர்கள் அரை நாள் வேலையை விட்டுவிட்டு, வெயிலில் வந்து, அந்த இரண்டு சொற்களை வாங்கிக்கொண்டு போவார்கள். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். மாலை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, ஒரு குட்டிச் செயலி செய்தேன். சீட்டு எண்ணைத் தட்டினால் "வந்துவிட்டது" அல்லது "இன்னும் இல்லை" என்று சொல்லும். அவ்வளவுதான், மொத்தமே நூற்று நாற்பது வரி.

என் மேசைக் கணினியில் அது ஜோராக ஓடியது. ஆனால் என் மேசையில் மட்டும். ஜனங்கள் வீட்டிலிருந்தே போனில் பார்க்க வேண்டுமானால், அது சர்வரில் ஏற வேண்டும். சர்வரோ அரதப்பழசு. என் செயலி மாதிரிப் புதுசுகளோடு அது நேரடியாகப் பேசாது. நடுவில் ஓர் இணைப்பு வைக்க வேண்டும். அந்த இணைப்பை அது கண்டுகொள்ள, ஒரே ஒருமுறை நிறுத்தித் திரும்ப ஓடவிட வேண்டும்.

"நிறுத்தணுமா?" என்றார் தொடாதே.

"ரெண்டு நிமிஷம்தான் சார்."

"உனக்கு ரெண்டு நிமிஷம். எனக்கு எட்டு வருஷம்மா அது." பலகையைக் காட்டினார். 2870. "மூவாயிரம் ஆகட்டும். அப்புறம் நீ தலைகீழா வேணும்னாலும் நிறுத்திக்கோ."

நூற்று முப்பது நாள். கரடியாய்க் கத்திப் பார்த்தேன். மேலிடத்துக்கு எழுதினேன். மேலிடம் அதை ஆழ்ந்து படித்து, "ஆவன செய்யவும்" என்று குறிப்பெழுதி, அதே தொடாதேக்கு அனுப்பி வைத்தது. அவர் ஆவன செய்தார். கோப்பில் வைத்தார்.

நான் "நாளைக்கு வாங்க" சொல்லிக்கொண்டே மூன்று மாதத்தை ஓட்டினேன்.

ஒரு நாள் மதியம் வரிசையில் ஓர் அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஒரு கட்டி, அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது நடை. "நாளைக்கு வாங்க" என்றேன். அவர் நகரவில்லை, கவுண்ட்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பஸ் மாறி வரேம்மா."

"யாரையாவது அனுப்பி வைக்கலாமே?"

"என் தம்பி இங்கதான் மூணாவது மாடியில இருக்கான். பெரிய வேலை. அவன் ஒரு நிமிஷம் நகர்ந்தாலும் இங்க எல்லாம் நின்னுடுமாம். அவனைப் போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரே பெரிய வேலை எது என்று எனக்குத் தெரியாதா? பற்றிக்கொண்டு வந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் படியேறினேன்.

"சார், உங்க அக்கா கீழ நிக்கிறாங்க. இந்த வாரத்துல மூணாவது தடவை."

"அக்காவா? எதுக்கு?"

கட்டி இருப்பதே அவருக்குத் தெரியாது. வெளியே விட்ட செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி வந்தார்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"உனக்கு வேலை இருக்குமேடா."

அக்கா குத்திக்காட்டிச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதைக் கேட்டபோது அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"அந்த ரெண்டு நிமிஷம்... இப்பப் பண்ணிடலாமா?"

பலகையில் 2959. அவர் கையாலேயே நிறுத்தினார். அப்போது மணி நான்கு. பிறகு ஓடவிட்டார். ஓடவில்லை. மறுபடி ஓடவிட்டார். ஊஹூம்.

இரண்டு நிமிடம் பத்தொன்பது மணி நேரம் ஆனது. ஐந்து வருடத்துக்கு முன்னால், பக்கத்தைப் பார்க்க வருகிறவர்களின் பதிவை வேறொரு ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதச் சொல்லி சர்வரின் அமைப்புக் கோப்பில் இவரே ஒரு வரி சேர்த்திருக்கிறார். சர்வர் புதிதாகத் தொடங்கும்போதுதான் அந்தக் கோப்பைப் படிக்கும். இவர்தான் அதை நிறுத்தவே மாட்டாரே! அந்த வட்டைக் கழற்றி எறிந்தும் நான்கு வருடம் ஆகிறது. இப்போது தொடங்கிய சர்வர், இல்லாத வட்டைத் தேடி முரண்டு பிடித்தது. எட்டு வருடப் பெருமை என்பது, எழுப்பினால் எழுந்திருக்குமா என்று யாரும் பார்க்காத தூக்கம்தான்.

இதை மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தோம். முதல் நாள் மாலை முழுக்க அவர் மேசைமேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "டைரக்டர் கூப்பிடுவாரு. பாரு, இப்பக் கூப்பிடுவாரு." டைரக்டர் கூப்பிடவில்லை. வேறு யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு சர்வர் எழுந்தபோது, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். போன் நன்றாகத்தான் இருந்தது.

"யாருமே பாக்கலையாம்மா?"

மூன்று மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த நக்கல் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. பாவமாக இருந்தது. செயலியை ஏற்ற உட்கார்ந்தேன்.

அன்று மாலைக்குள் என் செயலி ஏறிவிட்டது. முதல் எண்ணை அவர்தான் தட்டினார், அக்காவின் சீட்டு எண். "இன்னும் இல்லை." நான்காம் நாள் "வந்துவிட்டது." அக்கா ஒரே நடையில் வந்து வாங்கிப் போனார். பயப்படுகிற கட்டி இல்லை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்றார்கள். யாரோ எவரோ, எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வரிசை பாதியானது. மேலே பலகையில் மட்டும் அவர் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. காலையில் வந்து சும்மா துடைத்து வைப்பார்.

அடுத்த மாதம் என் செயலி படுத்தது. தப்பு என்னுடையதுதான். யார் எதைத் தட்டினாலும் எழுதி வை என்று சொல்லியிருந்தேன். அது விடாமல் எழுதி எழுதி வட்டை நிரப்பிவிட்டது. ஆறு நிமிடம் நின்றது. சீட்டில் "திறக்கவில்லை என்றால் அழைக்கவும்" என்று தொடாதேயின் எண்ணைத்தான் அச்சடித்திருந்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக மூச்சிரைக்கப் படியேறினேன்.

சர்வரை அவர் அதற்குள் சரிசெய்திருந்தார். ரிசீவர் காதில் இருந்தது. "ஆமாங்க... தப்புத்தாங்க... இப்ப வந்துடுச்சு, பாருங்க." வைத்ததும் மறுபடி அடித்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பல்.

"பதினோரு பேரும்மா! ஆறே நிமிஷத்துல பதினோரு பேரு கூப்பிட்டுத் திட்டிட்டாங்க!"

"சார், தப்பு என்னோடது..."

"கடைசி போன் எங்க அக்கா. இந்த மாச ரிசல்ட்டை வீட்லேருந்து போன்ல பாத்திருக்கா, திறக்கலை. 'என்னடா வேலை பாக்குற நீ'ன்னு கேட்டா!"

சொல்லிவிட்டு எழுந்து பலகைக்குப் போனார். அதைத் துடைத்தார். நடுவில் பெரிதாக எழுதினார்: 11.